வைத்தாங்கி ஒப்பந்தத்தின் வெண்கலத் தகடும் ஒரு வார இறுதித் தமிழ் வகுப்பும்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

நியூசிலாந்துத் தலைநகர் வெலிங்டனில் வார இறுதியில் நடக்கும் ஒரு தமிழ் வகுப்பில், 2024 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை நடந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். நான் அந்த வகுப்பின் ஆசிரியர்களில் ஒருவர். பிள்ளைகளுக்கு 12 முதல் 15 வயது. பாதிப் பேர் தமிழ்நாட்டுக் குடும்பங்கள், பாதிப் பேர் இலங்கைக் குடும்பங்கள். எல்லோருக்கும் தமிழ் புரியும். ஆனால் நான்கு வாக்கியம் தொடர்ந்து பேசச் சொன்னால் மூன்றாவதில் ஆங்கிலம் வந்துவிடும்.

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை இங்கே கோடை. ஊரிலிருந்து தாத்தா பாட்டிகள் பெரும்பாலும் அப்போதுதான் வருவார்கள். அவர்களைக் கடற்கரைக்கும் மலைக்கும் அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப்போவார்கள். போகிற வழியில் “இது யார் சிலை?” என்று கேட்டால் பேரப்பிள்ளைகளிடம் பதில் இருக்காது, அல்லது ஆங்கிலத்தில் இருக்கும். அதனால் நகரில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதைப் பெரியவர்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்லும் ஒரு நடையைப் பிள்ளைகளே தயாரிக்க வேண்டும் என்று திட்டமிட்டோம்.

இடத்தையும் பிள்ளைகளே முடிவு செய்தார்கள். 2024 நவம்பர் 19 அன்று, வைத்தாங்கி ஒப்பந்தத்தின் கோட்பாடுகளுக்குச் சட்டத்தில் புது விளக்கம் தர வந்த ஒப்பந்தக் கோட்பாடுகள் மசோதாவை எதிர்த்து, இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரியர் வடகோடியிலிருந்து கிளம்பிய நெடும்பயணம் வெலிங்டன் வந்து சேர்ந்தது. பல்லாயிரம் பேர் வைத்தாங்கி பூங்காவில் கூடி நாடாளுமன்றம் வரை நடந்தார்கள். எங்கள் பிள்ளைகளில் சிலர் பள்ளித் தோழர்களோடு அதில் போயிருந்தார்கள், சிலர் பேருந்து கிடைக்காமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அந்த வார வகுப்பில் வேறு எந்தப் பேச்சும் எடுபடவில்லை. பூங்காவுக்குப் பக்கத்தில் கென்ட், கேம்பிரிட்ஜ் சாலைகளுக்கு நடுவே விக்டோரியா ராணி சிலை இருக்கிறது. அதன் பீடத்தில் வைத்தாங்கி ஒப்பந்தம் கையெழுத்தாகும் காட்சி வெண்கலப் புடைப்புச் சிற்பமாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. தினமும் அதைக் கடந்து பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளை அதைச் சொன்னதும் மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

சிலையைப் பற்றித் தெரிந்தவை

லண்டன் சிற்பி ஆல்ஃபிரெட் டிரூரி செய்த சிலை இது. ராணி 1901இல் இறந்தபின் எழுப்பிய நினைவுச் சின்னம், 1905இல் துறைமுகத்தருகே திறந்துவைக்கப்பட்டது. இப்போதைய இடத்துக்குப் பிற்பாடு மாற்றினார்கள்.

ஒப்பந்தமோ 1840 பிப்ரவரி 6 அன்று, வடக்கே வைத்தாங்கியில், பிரிட்டிஷ் அரசின் சார்பில் வந்த வில்லியம் ஹாப்சனும் மாவோரித் தலைவர்களும் செய்துகொண்டது. அதன் முன்னுரையே அமைதியும் நல்லொழுங்கும் நிலவ வேண்டும் என்று சொல்லித்தான் தொடங்குகிறது.

இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே 65 ஆண்டுகள். முதலில் கையெழுத்திட்ட மாவோரித் தலைவர் ஹோனே ஹெகெயே நான்கைந்து ஆண்டுகளுக்குள் வடக்கே கொரோராரெக்கா என்ற ஊரில் பிரிட்டிஷ் கொடிமரத்தைத் திரும்பத் திரும்ப வெட்டிச் சாய்த்தார், 1845இல் போர் மூண்டது. 1860களில் மறுபடி போர்கள், அதைத் தொடர்ந்து பெரிய அளவில் நிலப் பறிமுதல். 1877இல் வெலிங்டன் நீதிமன்றம், வீ பரத்தா என்ற மாவோரித் தலைவர் தொடுத்த நில வழக்கில், இந்த ஒப்பந்தத்துக்குச் சட்ட மதிப்பே கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. அப்படிச் செல்லாது என்று சொன்ன நகரத்திலேயே 28 ஆண்டுகள் கழித்து அதே ஒப்பந்தத்தை வெண்கலத்தில் வார்த்து ராணியின் காலடியில் பதித்தார்கள். இன்னொன்றும் உண்டு. தகடு துறைமுகத்தருகே ஊர் பார்க்க நின்றுகொண்டிருந்த அந்த ஆண்டுகளில், அசல் ஒப்பந்தத் தாள்கள் அரசுக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஈரத்தில் ஊறி, எலி கடித்துக் கிடந்தன. 1908இல் தாமஸ் ஹாக்கன் என்ற வரலாற்று ஆர்வலர்தான் அவற்றைத் தேடி எடுத்தார். இந்த நடையைத் தயாரித்ததில் என்னை மிகவும் உலுக்கிய செய்தி இதுதான்.

முதல் வரைவில் கண்டது

பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்து, தகட்டைப் பார்த்து ஆளுக்கு அரைப்பக்கம் எழுதச் சொன்னோம். முதல் தடவை நடுப்பகலில் போனோம். வெயில் நேராக விழுந்ததால் உருவங்கள் தட்டையாகத் தெரிந்தன. பின்னொரு நாள் சாயங்காலம் போனபோது, பக்கவாட்டு வெளிச்சத்தில் முகங்களும் உடைமடிப்புகளும் எழுந்து வந்தன. புடைப்புச் சிற்பத்தைப் பார்க்கப் போகிறவர்கள் நேரம் பார்த்துத்தான் போக வேண்டும்.

மூன்று குழுக்களின் எழுத்தும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. “மாவோரித் தலைவர்கள் மகிழ்ச்சியுடன் கையெழுத்திட்டுத் தங்கள் நாட்டை ராணியிடம் ஒப்படைத்தார்கள். அன்றிலிருந்து இரு மக்களும் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள்.” நெடும்பயணத்தில் போய்வந்த பிள்ளைகள்கூட இப்படித்தான் எழுதியிருந்தார்கள். நவம்பரில் கண்ணால் பார்த்ததற்கும் இந்த வாக்கியத்துக்கும் பொருந்தவில்லை என்பது அவர்களுக்கு உறுத்தவில்லை.

காரணத்தை யோசித்தோம். புடைப்புச் சிற்பம் ஒரு நொடியை மட்டும் பிடித்து நிறுத்துகிறது. மேசை இருக்கிறது, சுற்றிலும் ஆங்கிலேயரும் மாவோரியரும் இருக்கிறார்கள், கையெழுத்து நடக்கிறது. முன்னால் புடைத்து நிற்பவர் முக்கியமானவராகவும் தகட்டோடு படிந்திருப்பவர் துணைக்கு வந்தவராகவும் தெரிவது அந்தக் கலையின் இயல்பு. அதில் முந்தின நாள் சண்டையைக் காட்ட முடியாது, கையெழுத்திட மறுத்தவரைக் காட்ட முடியாது, மறுவாரம் நடந்ததையும் காட்ட முடியாது. பிள்ளைகள் தகட்டில் இருந்ததைச் சரியாகவே படித்திருந்தார்கள். அதில் இல்லாததைத் தேடுமாறு நாங்கள் இன்னும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அம்மம்மாவின் கேள்வி

திருப்பம் எங்களிடமிருந்து வரவில்லை. டிசம்பர் கடைசியில் ஒரு பிள்ளை தான் எழுதியதை யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த தன் அம்மம்மாவிடம் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, “அவையளுக்கு விளங்கித்தானே பிள்ளை கையெழுத்து வைச்சவை?” என்று கேட்டாராம். பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வகுப்பில் அப்படியே எங்களிடம் கேட்டாள்.

தேடிப் பார்த்தபோது, அதே கேள்வி அன்றைக்கு அதே இடத்திலேயே கேட்கப்பட்டது தெரிந்தது. கேட்டவர் வில்லியம் கொலென்சோ. 1834இல் வைத்தாங்கிக்குப் பக்கத்து ஊரான பைஹியாவுக்கு வந்த கிறித்தவ மிஷன் அச்சகத்தார். ஹெகெ கையெழுத்திட முன்வந்த நேரத்தில் அவர் குறுக்கிட்டு, இவர்களுக்கு இந்த ஒப்பந்தத்தின் பிரிவுகள் புரிந்திருக்கிறதா என்று ஹாப்சனிடம் கேட்டார். புரியாவிட்டால் அது தன் குற்றமில்லை, புரியவைக்கத் தன்னால் ஆனதைச் செய்துவிட்டேன் என்பது ஹாப்சன் சொன்ன பதிலின் சாரம். கொலென்சோ தன் குறிப்புகளைக் கொண்டு 1890இல் வெளியிட்ட நூலில் இது இருக்கிறது.

கொலென்சோவின் பெயர் எங்கள் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. வெலிங்டனின் தே பாப்பா அருங்காட்சியகத் தொகுப்பில் ‘தமிழ் மணி’ என்று ஒரு பழைய வெண்கல மணி இருக்கிறது. முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் பழைய தமிழ் எழுத்தில் பொறித்திருக்கிறது. வாங்கரேய் பக்கம் மாவோரியர் கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாக அதை வைத்திருந்தார்கள், கொலென்சோ ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். இந்த நாட்டுத் தமிழ் வகுப்பு எதிலும் இந்தக் கதை வராமல் இருக்காது. மணியைக் காப்பாற்றிய அந்த மனிதர்தான் ஒப்பந்தத்தன்று எழுந்து கேள்வி கேட்டவரும் என்று தெரிந்ததும், அதுவரை ஒதுங்கியே இருந்த இரண்டு பையன்கள் ஆர்வத்தோடு உள்ளே வந்துவிட்டார்கள்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

முதல் முடிவு, பழைய வரைவைத் திருத்தாமல் புதிதாக எழுதுவது. ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அது தகட்டில் பார்த்ததா, தாளில் படித்ததா, ஒருவர் சொல்லக் கேட்டதா என்று பிள்ளைகள் பென்சிலால் குறிக்க வேண்டும். மூன்றிலும் சேராத வாக்கியம் போய்விடும். முதலில் போனது ‘மகிழ்ச்சியுடன்’. யாரும் அதை எங்கேயும் பார்த்திருக்கவில்லை. வரலாற்றைப் பற்றி நாங்கள் ஒரு கருத்தைச் சொல்லித் திணிப்பதைவிட, அவர்களே எழுதியதை அவர்களே சோதிப்பது நல்லது என்று தோன்றியதால்தான் இந்த வழி.

இரண்டாவது, அசலைப் பார்ப்பது. ஜனவரி விடுமுறையில் ஒரு வேலைநாளில் தேசிய நூலகத்துக்குப் போனோம். 2017 முதல் அங்கே ‘ஹெ தொஹு’ கண்காட்சியில் 1835இன் சுதந்திரப் பிரகடனம், 1840இன் ஒப்பந்தத் தாள்கள், 1893இன் பெண்கள் வாக்குரிமை மனு மூன்றும் இருக்கின்றன. மங்கலான வெளிச்சத்தில் கண் பழக ஒரு நிமிடம் ஆகும். வைத்தாங்கியில் கையெழுத்தான தோல்தாளின் ஓரங்கள் கடித்துக் குதறியிருக்கின்றன, நடுவிலும் துண்டு துண்டாக இல்லை. பெயரை எழுத்தில் எழுதியவர் சிலர், கோடு போட்டவர் சிலர், முகத்தில் பச்சை குத்திய மொக்கோவின் ஒரு பகுதியை அப்படியே வரைந்தவர் சிலர். ஒரு பிள்ளை அந்தச் சுருள் கோடுகளைத் தன் நோட்டில் வரையப் பார்த்து, மூன்று முறை அழித்துவிட்டு, “இதை அவசரமா போட்டிருக்க முடியாது டீச்சர்” என்றாள். அந்த வாக்கியம் ‘தாளில் பார்த்தது’ என்ற குறியோடு இறுதிப் பிரதியில் இருக்கிறது.

ஒப்பந்தம் ஒரே தாள் இல்லை, ஒன்பது என்பதும் அங்கேதான் அவர்களுக்கு உறைத்தது. பிப்ரவரி 6 அன்று கையெழுத்திட்டவர்கள் நாற்பது சொச்சம் பேர். அப்புறம் பிரதிகளை ஊர் ஊராகக் கொண்டுபோய் செப்டம்பர் வரை கையெழுத்து வாங்கினார்கள். மொத்தம் ஐந்நூறுக்கும் மேல், அதில் பெண் தலைவர்களும் உண்டு. 39 பேர் மட்டுமே ஆங்கிலப் பிரதியில் கையெழுத்திட்டவர்கள், மற்றவர்கள் எல்லோரும் மாவோரிப் பிரதியில். ஆங்கிலப் பிரதி ஆட்சி உரிமை முழுவதையும் ராணிக்குக் கொடுக்கிறது. மாவோரிப் பிரதி ராணிக்கு ஆளுகையைக் கொடுத்துவிட்டு, தலைவர்களின் முழு அதிகாரத்தை அவர்களிடமே விடுகிறது. மிஷனரி ஹென்ரி வில்லியம்ஸும் அவர் மகனும் ஒரே இரவில் செய்த மொழிபெயர்ப்பு அது. கையெழுத்து வாங்கி முடிவதற்கு முன்பே, மே மாதம், நாடு முழுவதும் ராணியின் ஆட்சி என்று ஹாப்சன் அறிவித்தும்விட்டார். தே ஃபெரோஃபெரோ போன்ற பெருந்தலைவர்கள் கடைசிவரை கையெழுத்திடவே இல்லை.

மூன்றாவது முடிவு, ஒரு மாவோரி ஆசிரியையிடம் காட்டுவது. ஒரு பிள்ளையின் பள்ளியில் மாவோரி கற்பிப்பவர், எங்கள் அழைப்பை ஏற்று ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்தார். தமிழ் அவருக்குத் தெரியாது. பிள்ளைகள் வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்ல, அவர் கேட்டார். இரண்டே விஷயம் சொன்னார். ‘மாவோரித் தலைவர்கள்’ என்று கூட்டமாகச் சொல்லாமல் பேசியவர்களைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். அடுத்தது, பெயர்களைச் சரியாக உச்சரியுங்கள். மாவோரியிலும் நம்மைப் போலவே எ-ஏ, ஒ-ஓ குறில் நெடில் வேறுபாடு உண்டு. பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தபோது பிள்ளைகளின் உச்சரிப்பு ஆங்கில எழுத்தில் படித்ததைவிடத் தெளிவாக வந்தது. அவருக்கு அது பெரிய சந்தோஷம்.

அவர் சொன்னபடி பிப்ரவரி 5 அன்றைய விவாதம் உள்ளே வந்தது. வைத்தாங்கியில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த ஜேம்ஸ் பஸ்பியின் வீட்டு முற்றத்தில் கப்பல் பாய்களால் போட்ட கூடாரம். தே கெமாரா, ரேவா போன்றவர்கள் எதிர்த்துப் பேசினார்கள். தாமத்தி வாக்கா நெனே போன்றவர்கள் பேசிய பிறகு கூட்டத்தின் மனநிலை மாறியது. மறுகூட்டம் 7ஆம் தேதி என்று சொல்லியிருந்தும், சாப்பாடு போதாமல் வந்தவர்கள் ஊர் திரும்ப நினைத்ததால் 6ஆம் தேதியே கையெழுத்து என்றானது. அதை எதிர்பார்க்காத ஹாப்சன் சீருடை போடாமல், கடற்படைத் தொப்பியை மட்டும் வைத்துக்கொண்டு ஓடிவந்தார். நினைவுச் சின்னம் என்று வந்துவிட்டால் இந்த அவசரமெல்லாம் மறைந்துபோகும் என்று பதினான்கு வயதுப் பையன் ஒருவன் எழுதியிருந்தான். அதற்கு ஓரத்தில் என்ன குறி போடுவது என்று அவனுக்கே தெரியவில்லை. ‘நான் நினைப்பது’ என்று நான்காவது குறி ஒன்றைச் சேர்த்தோம்.

எதிர்ப்பு

ஜனவரி கடைசியில் ஒரு பெற்றோர் வந்தார். “தமிழ் சொல்லிக்கொடுக்கத்தானே அனுப்பறோம், அரசியல் எதுக்கு?” என்றார். அவர் பயம் நியாயமானது. மசோதா அப்போது நாடாளுமன்றத்தில் இருந்தது, ஊரே இரண்டுபட்டுப் பேசிக்கொண்டிருந்தது. வந்து குடியேறிய நாம் ஏன் இதில் தலையிட வேண்டும் என்பது அவர் கேள்வி.

நடையைக் கைவிடலாமா என்று ஆசிரியர்கள் பேசினோம். கைவிட வேண்டாம், ஆனால் மசோதாவைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், 1840க்கும் 1908க்கும் இடையில் நின்றுகொள்வோம் என்று முடிவானது. அந்தப் பெற்றோருக்குப் பென்சில் குறிகள் போட்ட பிரதியைக் காட்டினோம். படித்துப் பார்த்தார். பிள்ளையை அனுப்பினார், அவர் மட்டும் வரவில்லை. வேறொரு குடும்பம் பிள்ளையையும் அனுப்பவில்லை. அவர்களை வற்புறுத்தவில்லை.

என் சொந்தக் கருத்து இது. இந்த நாட்டில் வந்து வாழும் உரிமை நமக்குக் கிடைத்ததும் அந்தத் தாளின் வழியாகத்தான். அதைப் பற்றி நம் பிள்ளைகள் நம் மொழியில் நாலு வார்த்தை ஒழுங்காகப் பேசத் தெரிந்திருப்பது தலையீடு ஆகாது.

நடை நாள்

பிப்ரவரி 6க்கு அடுத்த வார இறுதியில், சாயங்கால வெளிச்சத்தில் நடத்தினோம். வெலிங்டன் காற்று வழக்கம்போல அடித்தது, பாட்டிகள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார்கள். தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் தந்திருக்கும் தாளின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, அட்டையில் ஒட்டிக் கொண்டுபோயிருந்தோம். இரண்டு பேர் அதைத் தகட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் சேதமில்லாத வெண்கலம், மறுபக்கம் எலி கடித்த தோல்தாள். பிள்ளைகள் எழுதிய விளக்கத்தைவிட இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததே பெரியவர்களை அதிகம் பேசவைத்தது.

கேள்வி கேட்ட அம்மம்மாவும் வந்திருந்தார். பேத்தி கொலென்சோ பகுதியைச் சொல்லி முடித்ததும், “அப்ப ஒருத்தர் கேட்டிருக்கிறார்” என்றார். பிறகு ஹாப்சனின் பதிலை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு தாத்தா, கையெழுத்திடாதவர்களின் நிலம் என்ன ஆனது என்று கேட்டார். எந்தப் பிள்ளைக்கும் தெரியவில்லை. “பார்த்துட்டு வந்து சொல்றோம் தாத்தா” என்றான் ஒருவன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம் என முன்பே பேசிவைத்திருந்தது உதவியது.

அதன் பிறகு

பிள்ளைகளின் பேச்சுத் தமிழ் கண்ணுக்குத் தெரிய முன்னேறியது. மனப்பாடம் செய்து சொன்னபோது வராத சரளம், தாங்களே சோதித்த வாக்கியங்களைச் சொன்னபோது வந்தது. தாத்தாவின் கேள்வியைத் தேடப்போன பையன், கையெழுத்திடாத தே ஃபெரோஃபெரோ பின்னாளில் முதல் மாவோரி அரசராகி பொத்தாத்தாவ் என்ற பெயர் பெற்றதையும், அவர் மகனின் காலத்தில் 1860களில் வைக்காத்தோ நிலங்கள் பறிக்கப்பட்டதையும் கண்டுபிடித்து வந்தான். ஒப்பந்தத்தை அரசு மீறியது என்ற மாவோரியரின் முறையீடுகளை விசாரிக்க 1975இல் வைத்தாங்கி தீர்ப்பாயம் அமைந்ததும், 1985இல் 1840 வரை பின்னோக்கிப் போய் விசாரிக்க அதற்கு அதிகாரம் கிடைத்ததும் அந்தத் தேடலில்தான் எங்கள் வகுப்புக்குள் வந்தன. மசோதா ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் தோற்றது. அதை நடைக்கான பிரதியில் சேர்க்கவில்லை.

ஒரு குறையும் உண்டு. எட்டுப் பக்கம் வந்துவிட்டது. காற்றில் நின்று கேட்கும் முதியவர்களுக்கு அது நீளம், இரண்டு பேர் பாதியில் காரில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

இனி மாற்றுபவை

முதலில் தேசிய நூலகம், பிறகு சிலை என்ற வரிசையில் வண்டி வைத்துக் கூட்டிப்போகப் போகிறோம். தாளைப் பார்த்துவிட்டுத் தகட்டைப் பார்ப்பவர் கேட்கும் கேள்விகள் வேறு. சிலையடியில் பேசுவதை மூன்று பக்கத்துக்குள் சுருக்குகிறோம், மீதியை வீட்டுக்குக் கொண்டுபோகும் தாளாகக் கொடுத்துவிடுவோம். மாவோரி ஆசிரியையை முடிவில் அழைக்காமல் முதல் வாரமே அழைக்கிறோம். பெற்றோர் கூட்டத்தையும் வரைவு தொடங்குவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும். பயத்தோடு வந்தவர் தொடக்கத்திலேயே பென்சில் குறிகளைப் பார்த்திருந்தால் அன்றைக்குத் தானும் வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

1840 பிப்ரவரி 17 அன்று கொலென்சோ மாவோரி ஒப்பந்தத்தின் 200 பிரதிகளைத் தன் அச்சகத்தில் அச்சிட்டார். அந்தப் பகுதியை எழுதும் பொறுப்பை, மணியின் கதையால் உள்ளே வந்த அந்த இரண்டு பையன்கள் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.